பித்தளையின் பதம்

செபராங் பிறையில் பாட்டி வீட்டில் இருக்கும் பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஒரு விரிசல் உண்டு. யாரும் அதைக் கீழே போட்டதில்லை. தாத்தா ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தபோது பல மாதம் அந்தக் குடம் அங்கேதான் கிடந்தது. ஒருநாள் தண்ணீர் பிடித்தபோது ஒழுகியது. விளிம்பிலிருந்து நேர்கீழாக இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல். நசுங்கலோ நெளிவோ கிடையாது. விரிசலின் இரண்டு ஓரமும் சற்றே விலகி நிற்கின்றன, இறுக்கிக் கட்டிய கயிறு அறுந்ததும் விலகுமே, அதுபோல.

மரப்பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலப்பார்கள். ஸ்டோருக்குள் நுழைந்தாலே கண்ணைக் கரிக்கும். குடத்தை உடைத்தது அந்த வாடைதான்.

இதே புதிர் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் வந்தது. இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் துப்பாக்கித் தோட்டாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாக்களின் பித்தளை உறை விரிசல் விட்டிருந்தது. மழைப் பருவத்தில் வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்று பெயர் வைத்தார்கள். காரணத்தை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், உலோகத்துக்குள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும் இழுவிசை, இவை மூன்றும் சேர வேண்டும். அம்மோனியா செம்பைக் கரைத்துக்கொண்டு, உலோகத்தில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் நுண்ணிய படிகங்களின் எல்லை வழியே உள்ளே நுழைகிறது. இழுவிசை அந்த வழியைப் பிளக்கிறது.

இழுவிசை எங்கிருந்து வந்தது? தோட்டா உறை என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தகடு. வட்டமாக வெட்டிய வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, பல தடவை இழுத்து இழுத்து நீளக் குழலாக்குகிறார்கள். குளிர்ந்த நிலையில் பித்தளையை வளைத்தால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மேலும் மேலும் வளைத்தால் வழுக்கும் இடங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர மறுக்கும். ஒரு பித்தளைக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள்: முதலில் இளகி வளையும், பிறகு முரண்டும், அப்புறம் ஒடியும். அதனால்தான் ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் சூடு காட்டுகிறார்கள். சூட்டில் பழைய சிக்கலான படிகங்கள் போய்ப் புதியவை முளைக்கின்றன. உலோகம் மறுபடி இளகுகிறது. முழுவதும் இளக்காமல் இழுவிசையை மட்டும் தணிக்கவும் வழி உண்டு: சுமார் 260 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம்.

தோட்டா உறையில் எனக்குப் பெரிய வியப்பே இதுதான்: ஒரே துண்டுப் பித்தளைக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு பதம். அடிப்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். சுடும்போது உள்ளே எழும் அழுத்தம், வெடிமருந்து அதிகம் பிடிக்கும் மேக்னம் வகை ரைஃபிளில் கடுமையானது; .300 வின்செஸ்டர் மேக்னம் வகைக்கு உச்ச வரம்பு 64,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 2,000 மடங்கு. அடி இளகியிருந்தால் அதிலிருக்கும் பற்றவைப்புக் குப்பியின் குழி தளர்ந்துவிடும். கழுத்தோ இளகலாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது நொடியில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கும். பிறகு சற்றுச் சுருங்கி வெளியே வரும்.

அமெரிக்காவிலும் ஃபின்லாந்திலும் சுட்ட உறையை எடுத்து மறுபடி வெடிமருந்து நிரப்புவது பலருக்குப் பொழுதுபோக்கு. நம் மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் உறையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் நல்ல உலோக அறிவியல் இருக்கிறது. கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரிந்தால் புதியவர்கள் அழுக்கு என்று ஒதுக்குவார்கள். அது சூடு காட்டிய தடம். பளபளப்பாக மெருகேற்றிய உறையிலும் அதே வேலை நடந்திருக்கும், தடத்தைத் துடைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது எடை. வெளி அளவு ஒன்றாக இருக்கும்போது எடை கூடினால் சுவர் தடித்திருக்கிறது, உள்ளே இடம் குறைவு என்று பொருள். அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறிவிடும். அதனால் ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த, எடை ஒத்த உறைகளைச் சேர்த்து வைப்பார்கள்.

மேக்னம் உறைகள் பலவற்றில் அடிக்கு மேலே ஒரு பட்டை உண்டு. 1912-ல் வந்த .375 ஹாலந்து அண்டு ஹாலந்து தோட்டா அந்த அமைப்பைப் பரவலாக்கியது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பட்டைக்குச் சற்று முன்னால் சுவர் நீண்டு மெலிகிறது. வெளியே மங்கலாக ஒரு பளபள வளையம் தெரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டு உள்சுவரைத் தடவினால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் நகத்தில் தட்டுவதுபோல் தட்டும். தட்டினால் அந்த உறையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்; அடுத்த முறை சுடும்போது அடி தனியே கழன்றுவிடலாம். கழுத்து கெட்டிப்பட்டால் சூடு காட்டி மீட்கலாம். மெலிந்த சுவருக்கு அந்த வைத்தியம் கிடையாது. அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. இளகிய அடி அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தை அவர்கள் உறைகளின் பக்கம் கொண்டுபோவதில்லை. வீட்டுக் குத்துவிளக்குக்கும் அது வேண்டாம். பாட்டி இன்றும் புளி போட்டுத்தான் தேய்க்கிறார், விரிசல் விட்ட அந்தக் குடத்தையும் சேர்த்து.