அலாரம் அடித்தும் 17 மணி நேரம்: கலமசூ ஆற்றின் அடியில் தங்கிய எண்ணெய்

2010 ஜூலை 25 மாலை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் ஊரருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 6பி எண்ணெய்க் குழாய் உடைந்தது. சில நிமிடங்களிலேயே கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடித்தது. கசிவு என்று உறுதியானதோ 17 மணி நேரம் கழித்துத்தான்.

முதலில் குழாய். 1969இல் புதைக்கப்பட்டது, விட்டம் 30 அங்குலம், சுவரின் தடிமன் வெறும் கால் அங்குலம். துருப்பிடிக்காமலிருக்க மேலே பாலிஎதிலீன் டேப் சுற்றியிருந்தார்கள். நீளவாக்கில் ஓடும் வெல்டிங் மேட்டின் ஓரத்தில் இந்த டேப் சரியாகப் படியாது. அந்த இடைவெளியில் மண்ணின் ஈரம் புகுந்து நிற்கும். புதைத்த குழாயைத் துருவிலிருந்து காக்க ஒரு சிறு மின்னோட்டம் செலுத்துவது வழக்கம். ஆனால் டேப் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கழன்ற டேப்புக்கு அடியில் அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. அரிப்பு ஒரு பக்கம். பம்பு ஓடி நிற்கும்போதெல்லாம் ஏறி இறங்கும் அழுத்தம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து நுண்விரிசல்களை வளர்த்து, ஒன்றோடொன்று இணைத்துவிட்டன. ஆழமான இடத்தில் விரிசல் சுவரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தின்றிருந்தது. கடைசியில் குழாய் சுமார் 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது.

2005இலேயே குழாய்க்குள் ஓடும் மீயொலிக் கருவி அதே இடத்தில் குறையைக் கண்டிருந்தது. அதை விரிசல் கூட்டம் என்று வகைப்படுத்தாமல், தனி விரிசல் போன்ற குறை என்று தவறாக வகைப்படுத்தியதால் தோண்டிப் பார்க்கவில்லை.

கட்டுப்பாட்டு அறை இருந்தது கனடாவின் எட்மன்டனில். அன்று குழாயைத் திட்டமிட்டே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தும் கடைசிக் கட்டத்தில்தான் உடைந்தது. இங்கேதான் சிக்கல். ஓட்டம் நிற்கும்போது குழாயின் சில பகுதிகளில் அழுத்தம் மிகவும் விழுந்தால் எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகி, உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகும். பிறகு பம்பை ஓட்டினால், அந்த இடம் நிரம்பும்வரை உள்ளே போகும் எண்ணெய் மறுமுனையில் வராது. கசிவு இருந்தாலும் திரையில் தெரிவது இதேதான்: போவது அதிகம், வருவது குறைவு, அழுத்தம் ஏறவில்லை. ஆனால் செய்ய வேண்டியது நேர் எதிர். வெற்றிடம் என்றால் மேலும் பம்பு செய்ய வேண்டும். கசிவு என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

அவர்கள் வெற்றிடம் என்றே முடிவு செய்தார்கள். மறுநாள் அதிகாலையிலிருந்து இரண்டு முறை பம்பை ஓட்டினார்கள். வெளியேறிய ஏறக்குறைய 32 லட்சம் லிட்டரில் 81 சதவீதம் இந்த இரண்டு ஓட்டங்களில் போனதுதான். காரணம் புலப்படாத அலாரம் வந்தால் 10 நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்ற விதி நிறுவனத்திடம் இருந்தது, விதிக்குப் பஞ்சமில்லை.

மார்ஷலிலோ, முதல் நாள் இரவே நாற்றம் அடிக்கிறது என்று அவசர உதவி எண்ணுக்கு அழைப்புகள் போயின. தீயணைப்பு வீரர்கள் எரிவாயுக் கசிவைத் தேடினார்கள். கச்சா எண்ணெய் யார் நினைவுக்கும் வரவில்லை. 26ஆம் தேதி காலை 11.17க்கு ஒரு எரிவாயு நிறுவன ஊழியர் ஓடையில் எண்ணெயைப் பார்த்து போன் செய்த பிறகுதான் எட்மன்டனுக்கு விஷயம் விளங்கியது.

அதற்குள் எண்ணெய் டால்மட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் இறங்கியிருந்தது. மழையால் ஆறு கரைபுரண்டு ஓடியதால் கரையோரச் சதுப்புகளிலும் புகுந்தது. குழாயில் போனது சாதாரணக் கச்சா எண்ணெய் அல்ல; கனடாவின் எண்ணெய் மணலிலிருந்து எடுத்த, தார் போன்ற பிட்டுமன். அது தானாக ஓடாத அளவுக்குக் கெட்டி என்பதால் லேசான எண்ணெயைக் கலந்து அனுப்புவார்கள். வெளியே கொட்டியதும் லேசான பகுதி ஆவியாகும். அதிலுள்ள பென்சீன் என்ற நச்சுப் பொருள் காற்றில் கலந்ததால் அருகிலிருந்த வீட்டுக்காரர்களை வெளியேறச் சொன்னார்கள். மிஞ்சிய பிட்டுமன் தண்ணீரைவிடச் சற்றே லேசானது. வண்டல் துகள்களோடு ஒட்டியதும் அடியில் போய்விடும்.

சுத்தம் செய்வதற்கான சாமான்கள் எல்லாமே மிதக்கும் எண்ணெயை நம்பியவை. மிதவைத் தடுப்பு மேலாக நின்று வளைக்கும், உறிஞ்சும் கருவி மேற்பரப்பை வழிக்கும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது வாளியால் அள்ளினார்களே, அந்த முறையே மேலே இருப்பதற்குத்தான். கலமசூவில் படுகையைக் கோலால் குத்திப் பார்த்தார்கள். குத்திய இடத்தில் எண்ணெய்ப் படலம் எழுந்தால் கீழே பிட்டுமன் இருக்கிறது என்று பொருள். பிறகு வாரியாலும் தண்ணீர் பீய்ச்சியும் வண்டலைக் கலைத்து, மேலே வந்ததைப் பிடித்தார்கள். ஓட்டம் மந்தமான அணைத் தேக்கங்களில் வண்டலோடு சேர்ந்து எண்ணெயும் திரும்பத் திரும்பப் படிந்தது.

2013இல் தூர்வாரச் சொல்லி அரசு உத்தரவிட்டது. செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் தூர்வாரினால் படுகையில் வாழும் மட்டிகளும் பூச்சிகளும் சேர்ந்தே போகும். எனவே தோண்டுவது அதிகக் கேடு என்று தோன்றிய இடங்களில் மிச்ச எண்ணெயை அப்படியே விட்டுக் கண்காணிக்க முடிவு செய்தார்கள்.