தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எடுத்தவரிடம் கேளுங்கள்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று தெரிந்துவிட்டால் போதும், என் முன்னால் நீட்டப்படுவது பெரும்பாலும் தேன் பாட்டில்தான். "தெரிஞ்ச பண்ணையில வாங்கினது, ஒரிஜினலான்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். பார்த்துச் சொல்ல முடியாது என்றால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் அதற்குள் வீட்டில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, தீக்குச்சியை முக்கிப் பற்றவைத்து, எறும்பு வருகிறதா என்று காத்திருந்து, தீர்ப்பையும் எழுதிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்தச் சோதனைகளை முதலில் முடித்துவிடலாம். தண்ணீரில் கரையாமல் நேராக அடியில் போய் உட்காருவதைக் கெட்டியாகக் காய்ச்சிய எந்தச் சர்க்கரைப் பாகும் செய்யும். தீக்குச்சி பற்றுகிறதா என்பது அதில் எவ்வளவு ஈரம் ஏறியது என்பதைப் பொறுத்தது. காகிதத்தில் ஊறுகிறதா, கட்டைவிரல் நகத்தில் வைத்தால் வழிகிறதா என்பதும் அதே கதைதான். எல்லாமே கெட்டித்தன்மையைத்தான் பார்க்கின்றன. எறும்பு தேனைத் தாராளமாகத் தின்னும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆக, கெட்டிப் பாகு தேர்ச்சி பெறும், கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக இருக்கும் நேர்மையான தேன் தோற்றுப்போகும்.

சரி, கூடத்தில் மட்டும் இது எளிதா என்றால், இல்லை. கரும்பும் மக்காச்சோளமும் ஒரு வகையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, தேனீ தேடிப்போகும் பூச்செடிகளில் பெரும்பாலானவை வேறு வகை. அதனால் சர்க்கரையில் உள்ள கார்பன் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை சற்றே மாறுபடும் கார்பன் அணுக்களின் விகிதம், மாறும், அதை வைத்துக் கரும்புப் பாகையும் சோளப் பாகையும் பிடித்துவிடலாம். ஆனால் அரிசியிலிருந்தும் பீட்ரூட் இனத்திலிருந்தும் எடுக்கும் பாகுகள் பூச்செடிகளின் அதே வகையைச் சேர்ந்தவை, இந்தச் சோதனையில் அவை சிக்குவதில்லை. காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் என்எம்ஆர் மாதிரி விலை கூடிய கருவிகள் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதித் தேன் மாதிரிகள் 320இல் 147 சந்தேகத்துக்குரியவை என்று வந்தது. பல நாடுகளின் தேன் பல கை மாறிப் பெரிய பீப்பாய்களில் ஒன்றாகிவிட்ட பிறகு யாரிடம் போய் என்ன கேட்பது?

சிறு பண்ணையில் வாங்குவதன் பெரிய லாபமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. எடுத்தவர் எதிரில் நிற்கிறார். கேட்கலாம், பெட்டியைப் பார்க்கலாம், சரியில்லை என்றால் திரும்பப் போகலாம். ஆனால் சின்னப் பண்ணை என்பதாலேயே தேன் நல்லதாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். என் மேசைக்கு வரும் சிறு பண்ணைத் தேனில் தேறாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே ஒன்று, அவசரம். முற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். கலப்படம் அதற்குப் பின்னால்தான் வரும்.

பூவிலிருந்து தேனீ கொண்டுவரும்போது அது பெரும்பகுதி தண்ணீர். கூட்டில் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, தங்கள் நொதிகளைக் கலந்து, அறைகளில் பரப்பி, சிறகால் விசிறி விசிறி அதைக் காயவைக்கின்றன. தண்ணீர் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, தேன் முற்றியது என்று ஆனதும் அந்த அறையை மெழுகால் மூடுகின்றன. தேனீக்களே போடும் முத்திரை அது. மூடாத அறைகள் நிறைய உள்ள அடையை இயந்திரத்தில் சுழற்றித் தேன் எடுத்தால் முற்றாத தேனும் சேர்ந்தே வரும். கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரநிலை, பொதுவாகத் தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்கிறது, காரணம் அதற்கு மேலே போனால் தேனில் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். நுரை கட்டும், புளித்த வாடை வரும், மூடி உப்பும். தேன் கெடவே கெடாது என்று சொல்கிறார்களே, அது முற்றிய தேனுக்கு, அதுவும் மூடிவைத்த தேனுக்கு மட்டும்தான் பொருந்தும். (கொசுத்தேன் வேறு கணக்கு. கொடுக்கில்லாத தேனீக்களின் தேனில் இயல்பாகவே தண்ணீரும் புளிப்பும் அதிகம், அதை இந்த அளவுகோலால் அளந்து குறை சொல்லக்கூடாது.)

ஆகவே பண்ணையில் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, "அடை எவ்வளவு மூடியிருந்தப்போ எடுத்தீங்க?" என்பது. ஒரு அடையில் முக்கால் பங்குக்கு மேல் மூடியிருந்தது என்று தயங்காமல் சொல்பவர் தொழில் தெரிந்தவர். அடுத்தது, "ஈரம் அளந்தீங்களா?" கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எண் தெரியும், பெரிய விலையில்லை, விற்பனைக்கு எடுப்பவர் கையில் இருக்கவேண்டிய கருவி. உங்கள் முன்னாலேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பாதிப் பேர் பெருமையாகக் காட்டுவார்கள்.

அப்புறம், சர்க்கரைப் பாகு. "தேனீக்குப் பாகு கொடுப்பீங்களா?" என்று கேட்டால் "ஐயோ, கொடுக்கவே மாட்டோம்" என்ற பதில்தான் வாங்குபவருக்குப் பிடிக்கும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பூ இல்லாத காலத்தில் கூட்டம் பட்டினி கிடந்து சாகாமலிருக்கப் பாகு கொடுப்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கேட்கவேண்டியது எப்போது கொடுத்தார்கள் என்பதைத்தான். பூக்காலம் தொடங்கி, தேன் அறையை, அதாவது நாம் எடுக்கப்போகும் தேனுக்காகக் கூட்டின் மேலே வைக்கும் பெட்டியை, வைத்த பிறகும் பாகு ஊற்றினால் அது நேராக உங்கள் பாட்டிலுக்கு வந்துவிடும், தேனீ வழியாக வந்த கலப்படம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். "பஞ்ச காலத்துல மட்டும் கொடுப்போம், தேன் அறை வச்சதும் நிறுத்திடுவோம்" என்று விவரமாகச் சொல்பவரை நான் நம்புவேன்.

மருந்தையும் அதே தொனியில் கேட்கலாம். வரோவா என்ற உண்ணி தேனீ வளர்ப்பவர்களின் பெரிய தலைவலி, அதற்குத் தைமால், ஃபார்மிக் அமிலம், ஆக்ஸாலிக் அமிலம், செயற்கைப் பூச்சிமருந்துகள் என்று பலவற்றைப் பயன்படுத்துகிறார்கள். புழுக்களுக்கு வரும் பாக்டீரியா நோய்க்கு ஆன்டிபயாடிக் போடுபவர்களும் உண்டு, பல நாடுகளில் அது தடை அல்லது கடும் கட்டுப்பாடு. எங்கள் கூடத்தில் இந்த மிச்சங்களைத் தேடுவதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. வாங்குபவர் செய்யக்கூடியது, என்ன மருந்து, தேன் எடுப்பதற்கு எவ்வளவு முன்னால் என்று கேட்பது. குறிப்பேடு வைத்திருந்தால் அதைப் பார்ப்பது. சிறு பண்ணைக்காரர் பலர் பள்ளிக்கூட நோட்டில் பெட்டி வாரியாக எழுதிவைத்திருப்பார்கள், எந்த லேபிளையும்விட எனக்கு அந்த நோட்டு பெரிது.

உறைதலைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. "அடியில சர்க்கரை படிஞ்சிருக்கு, ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகிறார்கள். தேனில் உள்ள குளுக்கோஸ் தண்ணீரில் தாக்குப்பிடிக்காமல் படிகமாவது இயல்பு. குளுக்கோஸ் கூடுதலாக உள்ள பூவின் தேன் சில வாரங்களிலேயே கட்டும், ஃப்ரக்டோஸ் கூடுதலாக உள்ளது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். 14 டிகிரி செல்சியஸ் வாக்கில் ரொம்ப வேகமாக உறையும். உறைவதால் அது கலப்படம் என்றும் ஆகாது, சுத்தம் என்றும் ஆகாது. இந்தப் பயத்தால் என்ன நடக்கிறது தெரியுமா, வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று பண்ணைக்காரர்களே தேனை அடுப்பில் வைத்துக் காய்ச்சிவிடுகிறார்கள். அதிகம் சூடாக்கினால் நொதிகள் செயலிழக்கும், எச்எம்எஃப் என்ற சேர்மம் ஏறும், நாள்பட்டாலும் அது ஏறும். தரநிலையில் அதற்கு வரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பமண்டலத் தேனுக்கு 80. உங்கள் வீட்டில் உறைந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவையுங்கள், கை பொறுக்கும் சூடு போதும். அவசரமில்லை என்றால் உறைந்ததையே கரண்டியால் எடுத்துச் சாப்பிடுங்கள்.

லேபிளில் உள்ள பெரிய வார்த்தைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. தேனீ கூட்டிலிருந்து 3 கிலோமீட்டர் வரை சாதாரணமாகப் போகும். அந்த வட்டத்தின் பரப்பு 28 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய 7,000 ஏக்கர். சில ஏக்கர் வைத்திருப்பவர் "எங்க தோட்டத்துல பூச்சிமருந்தே கிடையாது" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம், தேனீ அந்த வேலியோடு நிற்காது. ஒரே பூவின் தேன் என்பதையும் இதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், மகரந்தத்தைப் பார்த்தால்தான் ஓரளவு சொல்ல முடியும்.

அந்தந்த ஊர்த் தேன் மகரந்த அலர்ஜியைக் குணமாக்கும் என்ற பேச்சுக்கும் பெரிய ஆதாரமில்லை. தும்மலைக் கிளப்பும் மகரந்தம் பெரும்பாலும் புல்லிலிருந்தும் மரங்களிலிருந்தும் காற்றில் வருவது, தேனீ சேர்ப்பது வேறு பூக்களுடையது. சர்க்கரை நோயாளிகள் தேனைச் சர்க்கரைக் கணக்கிலேயே வைக்கவேண்டும், உலக சுகாதார அமைப்பும் அப்படித்தான் சேர்க்கிறது. இதைச் சொன்னால் தேன் விற்பவர்களுக்கு என் மேல் வருத்தம் வரும், பரவாயில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது, நாக்கில் ஒரு துளிகூட. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை வளர இடம் கிடைப்பதில்லை, கைக்குழந்தையின் குடலில் கிடைத்துவிடும், அங்கே வளர்ந்து நரம்பைத் தாக்கும் நச்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் உறிஞ்ச முடியாமை, கைகால் துவண்டுபோதல் என்று தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீட்டில் காய்ச்சினால் அந்த வித்துகள் சாகாது. எவ்வளவு சுத்தமான, கலப்படமே இல்லாத தேனிலும் இது இருக்க முடியும் என்பதால் "எங்க சொந்தப் பெட்டித் தேன்தான்" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

கடைசியாக வாங்கும் கணக்கு. விலையை எடைக்குக் கேளுங்கள், பாட்டில் அளவுக்குக் கேட்காதீர்கள். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ, அதாவது 700 மில்லி பாட்டிலிலேயே ஒரு கிலோ அடங்கிவிடும். லிட்டரையும் கிலோவையும் ஒன்றாக்கிப் பேசும் இடத்தில் யாரோ ஒருவர் நஷ்டப்படுகிறார். தேன் அமிலத்தன்மை உள்ளது, துத்தநாகப் பூச்சுள்ள தகரத்தில் வைத்திருந்தால் வாங்கவேண்டாம், கண்ணாடி நல்லது. எடுத்த மாதத்தை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முதல் தடவை சின்ன பாட்டில் போதும், அதை ஈரக் கரண்டி படாமல், ஃப்ரிட்ஜில் வைக்காமல், மூடியை இறுக்கி வைத்திருந்து பாருங்கள். சில வாரம் கழித்துத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வெளியேறி நுரை பொங்கினால் கொட்டிவிட்டு மறக்காதீர்கள், பண்ணைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அதே நாளில் எடுத்து அவர் அடுக்கிவைத்திருக்கும் மற்ற பாட்டில்களும் அதே நிலையில்தான் இருக்கும், விற்பதற்கு முன்னால் அவருக்கு அது தெரியவேண்டும்.