பள்ளிக்காகப் பெற்றோர் திரட்டும் நிதி: பொருளாளர் மாறும்போது கவனிக்க வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாலையில், சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஏற்காடு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் வந்தார். கையில் கொண்டுவந்த ஜவுளிக்கடைப் பையை மேசைமேல் வைத்து, ஆறு ரசீதுப் புத்தகங்கள், நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று, ரப்பர் பேண்டு போட்ட பில்கள், மை காய்ந்துபோன ஒரு ரப்பர் ஸ்டாம்ப் என ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத் தண்ணீர் மோட்டாரும் கூடுதலாக ஓர் ஆசிரியையும் வேண்டும் என்று பெற்றோர் கூடித் தொடங்கிய அமைப்பு அது. அவர் அதன் பொருளாளர். "சார், மூணாவது புத்தகத்துல முப்பத்தேழுலேருந்து அறுபத்திரண்டு வரைக்கும் அடிக்கட்டை இல்லீங்க. நான் பொறுப்பு எடுத்தப்பவே இல்லீங்க" என்றார். இருபத்தாறு ரசீதுகள். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பேச்சை அடக்குவதற்காகத் தன் தோட்டை அடகு வைத்துச் சங்கக் கணக்கில் பணம் கட்டியிருந்தார். அந்த அடகுச் சீட்டும் பையில்தான் இருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் விஷயம் தெளிவாயிற்று. அவருக்கு முன் இருந்த பொருளாளர், பள்ளியின் பழைய மாணவர் ஒருவரிடம் அந்தத் தாள்களைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பழைய மாணவர் சென்னையில் நண்பர்களிடம் வசூலித்து, மொத்தத் தொகையையும் ஒரே நாளில் வங்கியில் கட்டிவிட்டார். பாஸ்புக்கில் 'ரொக்கம்' என்று ஒரே வரியாக 18,500 ரூபாய் நின்றது. அடிக்கட்டைகள் அவர் வீட்டு அலமாரியில் கிடந்தன. யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கு விளக்கம் எழுதி வைக்காமலேயே பழைய பொருளாளர் விலகிவிட்டார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்ததும் குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

பெற்றோர் நடத்தும் அமைப்புகளுக்கே உரிய சிக்கல் இது. கோயில் கமிட்டியில் இருப்பவர் இருபது ஆண்டு இருப்பார். வணிகர் சங்கத்தில் இருப்பவர் கடையை மூடும்வரை இருப்பார். பெற்றோரோ பிள்ளை பள்ளியில் இருக்கும்வரை மட்டுமே இருப்பார். பத்தாம் வகுப்பில் அக்கறையோடு சேர்ந்தவர் மூன்றாவது ஆண்டு முடிவில், நியாயமாகவே, விலகிவிடுகிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேலத்திலும் ஏற்காட்டிலும் இத்தகைய அமைப்புகளின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். கையாடல் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நிகழ்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொறுப்பு கைமாறும்போது கணக்கு குழம்பிப்போன அமைப்புகளோ ஏராளம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எதற்கும் 'அறக்கட்டளை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். சட்டப்படி அறக்கட்டளை என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிவாவது. அறங்காவலர்களாக எழுதப்பட்டவர்களே, பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, தொடர்ந்து இருப்பார்கள். சங்கம் என்பது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வது; அதன் நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டியாக வேண்டும், ஆண்டுதோறும் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் வேலைக்கு அஞ்சிப் பலர் அறக்கட்டளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் பெற்றோர் அமைப்புக்குச் சங்கமே பொருத்தம் என்பது என் கருத்து, ஏனென்றால் நிர்வாகிகள் மாறுவார்கள் என்பதை எதிர்பார்த்தே அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும், தந்தை இன்னமும் பள்ளி அறக்கட்டளையின் அறங்காவலராகக் காகிதத்தில் நீடித்து, அவர் கையெழுத்து இல்லாமல் வங்கியில் ஒரு காசோலைப் புத்தகம்கூட வாங்க முடியாத நிலையை மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, வசூல் எந்தக் கணக்கில் விழுகிறது என்பது. ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களில் பெற்றோர்கள் சேர்ந்து தட்டுவடை செட் (தட்டுவடைக்கு இடையே காய்கறித் துருவல் வைத்துத் தரும் சேலத்துச் சிற்றுண்டி) கடை போடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், வரும் கூட்டத்துக்கு இரண்டே நாளில் கணிசமான தொகை சேர்ந்துவிடும். ஆனால் கடை முன் தொங்கும் க்யூஆர் அட்டை யாருடையது என்று கேட்டால், பெரும்பாலும் சுறுசுறுப்பான ஓர் உறுப்பினரின் சொந்த எண்ணாக இருக்கும். அந்தப் பணம் அவருடைய சம்பளத்தோடும் வீட்டுச் செலவோடும் ஒரே கணக்கில் கலந்துவிடுகிறது. அனுப்பியவர்களில் யாரோ ஒருவரின் பரிவர்த்தனை மீது இணையக் குற்றப் புகார் இருந்தால், பணம் பெற்ற உறுப்பினரின் கணக்கே முடக்கப்படலாம். அந்த உறுப்பினருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், பள்ளிக்குரிய பணம் சட்டப்படி வாரிசுகளின் பணமாகவே தோன்றும். சங்கத்தின் பெயரில் பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு, அந்தக் கணக்கோடு இணைந்த க்யூஆர் அட்டை ஆகியவை முடிந்த பிறகே வசூலில் இறங்க வேண்டும். இதற்கு ஒரு மாதம் தாமதமானால் ஆகட்டும்.

அதே கடையின் கணக்கை எழுதும் முறையிலும் ஒரு பழக்கம் உண்டு. நோட்டில் 'கோடை விழா லாபம் 9,200' என்று ஒரே வரி இருக்கும். எண்ணெய், கேரட், பீட்ரூட், தட்டுவடை மூட்டை, அடிவாரத்திலிருந்து மலையேறிய வேனின் வாடகை என அத்தனையும் கல்லாவிலிருந்தே கொடுத்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் எழுதுவார்கள். மொத்த விற்பனை ஒரு பக்கமும் ஒவ்வொரு செலவும் மறுபக்கமும் வர வேண்டும். பில் தராத காய்கறிக் கடைக்கு ஒரு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். மிச்சத்தை மட்டும் எழுதினால், எழுதியவரின் நாணயத்தை நம்புவதைத் தவிர அடுத்து வருபவருக்கு வேறு வழியில்லை.

வருமான வரி என்றதும், தர்ம காரியத்துக்கு ஏது வரி என்ற கேள்வி எழும். தானாக வரி விலக்கு எதுவும் கிடைப்பதில்லை. வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி பிரிவின்படி விலக்குக்கான பதிவு பெறாத அமைப்பு திரட்டும் நன்கொடை அதன் வருமானமாகவே கருதப்படக்கூடும். நன்கொடையாளருக்குச் வரிச் சலுகை கிடைக்க வேண்டுமானால் அதே சட்டத்தின் 80ஜி பிரிவின்படி ஒப்புதலும் தேவை. புதிய அமைப்புக்கு முதலில் கிடைப்பது 3 ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு மட்டுமே. அது முடிவதற்கு 6 மாதம் முன்பாகவோ, செயல்பாடு தொடங்கிய 6 மாதத்துக்குள்ளாகவோ, எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டு என்பது ஏறக்குறைய ஒரு பொருளாளரின் ஆயுட்காலம். பதிவு வாங்கியவருக்குத் தேதி தெரியும். அவர் போன பிறகு வந்தவருக்குப் பதிவுச் சான்றிதழ் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்குவது மட்டும்தான் தெரியும். துறை அனுப்பும் மின்னஞ்சலும் பழைய பொருளாளரின் சொந்த முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். (நான் சொல்லும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியதாக இயற்றப்பட்டிருப்பதால், அதற்குப் பிந்தைய வேலைகளுக்குப் புதிய எண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

80ஜி ஒப்புதல் பெற்ற அமைப்பு, ஓராண்டில் நன்கொடை தந்தவர்களின் விவரத்தைப் படிவம் 10பிடி வழியாக மே 31-க்குள் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்று தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அடிக்கட்டையில் 'குமார், கடைவீதி' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் இந்தப் படிவத்தை நிரப்ப வழியில்லை. வசூலிக்கும்போதே முழுப்பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றைக் கேட்டுவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எவ்வளவு தந்தாலும் அந்தச் சலுகை இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நாகரிகம். வரி மிச்சமாகும் என்று சொல்லி வாங்கிவிட்டு, ஜூலையில் கோபமான தொலைபேசி அழைப்புகளைப் பொருளாளர் எதிர்கொள்வதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து தரும் பணத்தில் தனிக் கவனம் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால், அவர் தருவது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் நூறு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "நம்ம அண்ணன்தானே" என்ற உறவுமுறை சட்டத்தின் முன் நிற்காது.

தனியார் பள்ளிகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பெற்றோர் அமைப்பின் ரசீதைக் காட்டினால்தான் சேர்க்கைப் படிவம் தரப்படும் என்ற நிலை வந்துவிட்டால், அது நன்கொடை அன்று. கல்விக் கட்டணத்துக்கு மேல் கட்டாயமாக வாங்குவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1992-லேயே இதற்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. பள்ளி நிர்வாகம் கேட்டுக்கொண்டது என்பதற்காகத் தன் பெயரில் ரசீது போட்டுத் தரும் பெற்றோர் சங்கம், பழியைத் தானே சுமக்க நேரிடும்.

அரசுப் பள்ளியென்றால், பள்ளி மேலாண்மைக் குழு வேறு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, நீங்கள் தொடங்கிய சங்கம் வேறு. முதலாவது கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைவது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் ஒரே ஆட்கள் இருப்பதால் கணக்கும் ஒன்றாகிவிடாது. பள்ளிக்கு நேரடியாக நிதியோ பொருளோ தர விரும்புவோருக்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் இருக்கிறது. சங்கமே பொருளாக வாங்கித் தந்தால், தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஒப்புகை பெற்று, பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் 'உபயம்' எழுதுவதில் காட்டும் அக்கறையில் கால்பங்கு போதும்.

எதற்குச் செலவிடுவது என்பது பெற்றோரின் உரிமை. ஆனாலும் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வண்ணம் பூசவும் வளைவு கட்டவும் பணம் எளிதாக வருகிறது; எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டவும் ஆசிரியையின் மாதச் சம்பளத்துக்கும் யாரும் முன்வருவதில்லை. மேலே சொன்ன மலைக்கிராமத்தில், ஜூனில் உற்சாகமாக நியமித்த ஆசிரியைக்கு அக்டோபரிலேயே சம்பளம் தர முடியாமல் போனது. திருவிழாக் காலத்தில் ஒரே மூச்சில் வரும் பணத்தைக் கொண்டு, மாதாமாதம் வரும் செலவைச் சமாளிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்களிடம் சொன்னேன்: பத்து மாதச் சம்பளத்தில் ஆறு மாதத் தொகை வங்கியில் இருந்தால் மட்டுமே ஆளை நியமியுங்கள், மீதிக்கு மாதம் நூறு ரூபாய் தர ஒப்புக்கொண்டவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'ஆசிரியை சம்பளத்துக்கு' என்று தந்த பணத்தைச் சுற்றுச்சுவருக்கு எடுக்காமலிருக்க, ரசீதிலேயே நோக்கத்தை எழுதும் பழக்கத்தையும் அப்போதுதான் தொடங்கினார்கள்.

அந்தத் தாய்க்கு அடுத்தவர் பொறுப்பேற்றபோது என்னை மலைக்கு அழைத்திருந்தார்கள். பள்ளித் திண்ணையில் பாய் விரித்து, பொருட்களை வரிசையாக வைத்துப் பட்டியலிட்டோம்: பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், பான் அட்டை, தீர்மானப் புத்தகம், பயன்படுத்திய ரசீதுப் புத்தகங்கள் எட்டு, பயன்படுத்தாதவை மூன்று (முதல் எண்ணும் கடைசி எண்ணும் குறித்து), வங்கி இருப்பும் கைரொக்கமும் அன்றைய தேதியில், அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வரும் தாக்கல் தேதிகள், புதிய கையெழுத்துதாரர்களுக்கான தீர்மான நகல். இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார்கள். கடைசியாகப் பையிலிருந்து அந்தத் தாய் ஒரு பழைய பட்டன் போனை எடுத்து வைத்தார். சங்கத்தின் பெயரிலேயே வாங்கிய சிம், வங்கிக்கும் வருமான வரி இணையதளத்துக்கும் கொடுத்த ஒரே எண் அதுதான். ஊரில் சிக்னல் கிடைக்காது; ஓ.டி.பி. வர வேண்டுமென்றால் வளைவு தாண்டி, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடிவரை நடக்க வேண்டும். புதிய பொருளாளரை அங்கே அழைத்துப் போய், எந்தப் பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும் என்று அவரே காட்டிவிட்டு வந்தார்.