துகள்பனிக்கு முன்னே எழுப்பிவிடும் சர்க்யூட்

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளைப் பக்கம் இரவு வானம் மேகமில்லாமல் தெளிந்துவிட்டால் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. விடியும்போது உருளைக்கிழங்குச் செடியிலும் தேயிலைக் கொழுந்திலும் துகள்பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் இலை கருகிவிடும். ஆனால் முதல்நாள் வானிலை அறிவிப்பில் 4 பாகை என்றுதானே சொன்னார்கள்? 4 பாகையில் எப்படிப் பனி உறையும்?

அந்த 4 பாகை, தரையிலிருந்து ஒரு மீற்றருக்கும் மேலே, பெட்டிக்குள் வைத்து அளந்த காற்றின் வெப்பநிலை. செடியின் இலையோ திறந்த வானத்தைப் பார்த்தபடி இரவு முழுக்கத் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே விட்டுக்கொண்டிருக்கிறது. மேகம் இருந்தால் கீழே வரும் கதிர் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை, மேலே உள்ள காற்றைவிடச் சில பாகை கூடுதலாகக் குளிர்ந்து 0-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே இலை மட்டத்தில் அளந்தால்தான் பயன். அதற்கு வீட்டிலேயே ஓர் அலாரம் செய்யலாம்.

இதன் உயிர், தெர்மிஸ்டர் என்ற மிளகளவு உறுப்பு. உலோகக் கம்பி குளிர்ந்தால் அதன் தடை குறையும். மங்கனீசு, நிக்கல் போன்றவற்றின் ஒட்சைட்டுகளைச் சுட்டுச் செய்யும் தெர்மிஸ்டரில் இது தலைகீழ்: குளிரக் குளிர மின்னைக் கடத்தும் ஏற்றங்கள் நகர்வது கடினமாகித் தடை ஏறுகிறது. வெள்ளிச் சல்பைட்டில் இந்தப் போக்கை மைக்கேல் பரடே 1833-லேயே கவனித்து எழுதினார். கடையில் 10 கிலோஓம் என்று கேட்டு வாங்கும் வகை 25 பாகையில் 10 கிலோஓம் காட்டும். 0 பாகையில் ஏறத்தாழ 33 கிலோஓம்.

தெர்மிஸ்டரின் ஒரு காலைப் பற்றரியின் நேர் முனையிலும், மற்றக் காலை 33 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக எதிர் முனையிலும் இணைத்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வோல்டேஜ் குளிரோடு சேர்ந்து இறங்கும். அதை எல்எம்393 என்ற ஐசியின் (சிறு மின்சுற்றுச் சில்லு) நேர் உள்ளீட்டில் கொடுக்க வேண்டும். எதிர் உள்ளீட்டுக்கு 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீற்றர் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) ஒன்றின் நடுக்கால்; அதன் மற்ற இரண்டு கால்களும் பற்றரியின் இரு முனைகளுக்கு. இந்த ஐசி எதையும் அளப்பதில்லை, இரண்டில் எது பெரிது என்று மட்டும் பார்க்கிறது. இந்த வேலைக்கு அது போதும், இன்னும் சொன்னால் அதுதான் நல்லது: இரண்டு வோல்டேஜும் ஒரே பற்றரியிலிருந்து வருவதால், பற்றரி தளர்ந்தாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் குறையும், அலாரம் அடிக்கும் வெப்பநிலை நகராது. குளிரில் நேர் உள்ளீடு சிறிதானதும் ஐசியின் வெளியீடு தாழ்ந்து, 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி557 டிரான்சிஸ்டரைத் திறந்து பஸரை ஒலிக்க வைக்கும். வெளியீட்டிலிருந்து நேர் முனைக்கு ஒரு 10 கிலோஓம் வேண்டும். இல்லையேல் டிரான்சிஸ்டர் சரியாக மூடாது.

இன்னொரு ரெசிஸ்டரை விட்டுவிடக் கூடாது. எல்லைக்கோட்டில் வெப்பநிலை ஊசலாடினால் பஸர் விட்டு விட்டுக் கரகரக்கும். வெளியீட்டிலிருந்து நேர் உள்ளீட்டுக்கு 1 மெகாஓம் போட்டால், அடிக்கத் தொடங்கிய அலாரம் ஏறத்தாழ 1 பாகை சூடேறிய பிறகே அடங்கும்.

சரி, எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று எப்படித் திருத்துவது? கொதிநீரை நம்ப வேண்டாம். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பனிக்கட்டி உருகும் வெப்பநிலையை உயரம் அசைப்பதில்லை என்றே சொல்லலாம். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் தெர்மிஸ்டரை வைத்து, சில நிமிடம் கழித்து, பஸர் அடிக்கத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் பொட்டென்ஷியோமீற்றரை, பஸர் அடிக்கும் பக்கமாகவே மிகக் கொஞ்சம் நகர்த்தினால் 2 பாகையிலேயே அடிக்கும். நாற்றுமேடையைச் சாக்கால் மூட அந்த 2 பாகை அவகாசம் தேவை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஈரம். துகள்பனிக்கு முன் பெரும்பாலும் செடியெல்லாம் நீர்த்துளி படியும். அந்த நீர் தெர்மிஸ்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே தேங்கினால் அதன் வழியாகவும் கொஞ்சம் மின் கசியும். மொத்தத் தடை குறையும். தடை குறைந்தால் சர்க்யூட்டுக்கு அது சூடு. உறையும் இரவில் அலாரம் பேசாமல் இருந்துவிடும். அதனால் கால்கள் இரண்டுக்கும் தனித்தனியே ஸ்லீவ் போட்டு, அடிப்பகுதியை இபொக்சிப் பசையால் முழுக்க மூடுங்கள். ஐஸ் கோப்பைச் சோதனையை இதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும்.

மூன்று ஏஏ அல்கலைன் பற்றரி போதும். பஸர் அடிக்காதபோது சர்க்யூட் இழுப்பது 1 மில்லிஅம்பியர் அளவுதான், ஆகவே பனிக்காலத்தின் இரண்டு மாதத்தையும் தாங்கும். தயவுசெய்து 230 வோல்ட் மின்னை இதன் பக்கம் கொண்டுவர வேண்டாம். தோட்டத்து ஈரத்தில் கிடக்கும் வயர் அது.