பழைய துணியில் கைத்தையல் பேனல்: பிளப்பது எங்கே, ஏன்?

பழைய சேலையை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, அந்தப் பேனலில் பையோ குஷன் உறையோ தைத்தவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: சில மாதத்திலேயே கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் தையல் நூல் அறுந்திருக்காது. நூலை ஒட்டி, வரிசை வரிசையாகத் துணிதான் பிளந்திருக்கும். இற்ற துணியில் வலுவான நூலை ஓட்டினால் நூல் கத்தி மாதிரி வேலை செய்யும். பாலியஸ்டர் தையல் நூல் மலிவு, அறுகாது என்று எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இழுபட்டால் முதலில் அறுவது நூலாக இருக்க வேண்டும். நூல் அறுந்தால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்; துணி பிளந்தால் ஒட்டுப் போடுவதைத் தவிர வழியில்லை.

ஒரே துணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. சேலையில் கால்பக்கக் கரை, இடுப்பில் சொருகும் இடம், ஊக்கு குத்திய தோள்பகுதி ஆகியவை முதலில் போகும். கொசுவத்தின் மேல்பாதி பல சேலைகளில் புதுசு போலவே இருக்கும். படுக்கை விரிப்பில் நடுப்பகுதி நைந்திருக்கும், இரண்டு ஓரமும் நன்றாக இருக்கும். லுங்கியில் உட்காரும் இடம், சட்டையில் கழுத்தும் முழங்கையும். வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தால் இழை விலகிய இடங்கள் சல்லடையாகத் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் ஒட்டிவைத்துப் பாவு (நீளவாட்டு இழை) வாக்கில் ஒரு முறை, ஊடை (குறுக்கு இழை) வாக்கில் ஒரு முறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாங்கி மறுபக்கம் விட்டுக்கொடுத்தால் அந்தத் துண்டை நடு அடுக்குக்கு ஒதுக்கலாம். இரண்டு பக்கமும் விட்டால் துடைக்கும் துணிதான். மடிப்பில் வெடித்த பழைய பட்டுத் துணியை மேலடுக்காக வைக்கவே வேண்டாம். அழகுக்கு ஆசைப்பட்டு வைத்தால் ஊசி போன இடமெல்லாம் விரியும்.

கலப்புத் துணியா என்று சந்தேகமிருந்தால் நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். அடுப்படிப் பிடித்துணிக்கான பேனலில் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. பாலியஸ்டர் கலந்த அடுக்கு சூட்டில் இளகிக் கையில் ஒட்டும்.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதை இங்கே முதல் விதியாகவே எடுத்துக்கொள்ளலாம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’வின் பெயரும் நம் ‘கந்தை’யும் உறவுச் சொற்கள். எல்லாத் துணியையும் வெந்நீரில் அலசி, கஞ்சியை முழுக்கப் போக்கி, காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். அடிக்கு வைக்கும் காடாத் துணி புதிதாக இருந்தால் அதை இரண்டு முறை நனைத்து எடுங்கள். புதுத்துணி சுருங்கும், பல முறை துவைத்த சேலை சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டு முதல் துவைப்பில் பேனல் அப்பளமாகச் சுருளுவது இதனால்தான். அடர் சிவப்பு, கருநீலம் எதுவானாலும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நிறம் இறங்குவது நிற்கும்வரை அலசுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உப்பு சாயத்தொட்டியில் நிறம் ஏற உதவும். ஏற்கெனவே கழன்று வருகிற சாயத்தைப் பிடித்துவைக்காது.

என்ன பொருள் என்று முடிவு செய்யாமல் பெரிய பேனலாகத் தைத்துவிட்டுப் பிறகு வெட்டலாம் என்பது அடுத்த தவறு. வெட்டிய இடத்தில் ஒவ்வொரு வரிசையும் அவிழத் தொடங்கும். 16 அங்குல குஷன் உறைக்கு 18 அங்குலத் துணியில் ஆரம்பியுங்கள். தையல் இழுப்பில் கொஞ்சம் சுருங்கும், மிச்சம் மூட்டுக்கு. நாலு ஓரத்திலும் முக்கால் அங்குலம் தையல் இல்லாமல் விட்டால் மூட்டு தடிக்காமல் படியும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் வெட்டுக் கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளி மிஷினில் ஒவ்வொரு வரி ஓட்டிவிட்டு அப்புறம் கத்தரியுங்கள்.

நூலுக்கு ஆறிழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை போதும். அரை அங்குல இடைவெளியில் 18 அங்குலப் பேனலுக்கு ஏறக்குறைய 35 வரிசை வரும். மடிப்பும் முனையும் சேர்த்து 20 மீட்டர் நூல் பிடிக்கும். 8 மீட்டர் கண்டு ஒன்றை இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர், ஆக ஒரு கண்டு சரியாக இருக்கும். ஒரு தடவைக்கு 18 அங்குலத்துக்கு மேல் கோக்காதீர்கள். நீள நூல் துணியில் உரசி உரசிப் பஞ்சாகி முடிச்சு விழும். மூன்று அடுக்குக்கு 7ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு ஐந்தாறு தையல். வாரா வாரம் துவைக்கிற பொருளென்றால் வரிசை இடைவெளியைக் கால் அங்குலமாக்குங்கள்.

தைக்கத் தொடங்குமுன் அடுக்குகளைத் தரையில் இழுக்காமல் விரித்து, நடுவிலிருந்து வெளியே நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகப் பெரிய டாக்கிங் (பிறகு பிரித்தெடுக்கும் தற்காலிகத் தையல்) போட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து தைத்து வந்தால் மிச்சத் துணி நடுவில் குமிழாகத் திரண்டு நிற்கும். ஒவ்வொரு முறை ஊசியை இழுத்ததும் வந்த வரிசையைக் கட்டைவிரலால் நீவிவிடுங்கள். நூலைச் சுண்டி இழுப்பதால் வரும் சுருக்கம் இஸ்திரியில் போகாது.

ஆனால் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்ற ஒட்டுத்துணிப் போர்வை ஓரத்தில்தான் தொடங்குகிறது. அடியில் பழைய சேலை. மூலையிலிருந்து ஒவ்வொரு ஒட்டுத் துண்டாக மடித்து வைத்து, அங்கங்கே தைத்தபடி சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மேலடுக்கை முழுசாக முன்பே விரிக்காததால் மிச்சத் துணி என்று ஒன்று சேருவதில்லை, குமிழும் வருவதில்லை. கையளவு துண்டுகள்தான் கிடைத்திருக்கிறது என்றால் இந்த முறை நமக்கும் தோதானது. துண்டுகளை முதலில் மிஷினில் இணைத்துவிட்டு மேலே தைப்பதைவிட மூட்டுகள் மெலிதாகவே படியும்.

பேனலைப் பையாக்கும்போது பளுவைப் பழைய துணியின் மேல் ஏற்றாதீர்கள். பாவு வாக்கு மேலும் கீழுமாக வரும்படி வைத்து, உள்ளே புதுக் காடாவில் லைனிங் கொடுத்து, புது நாடாவில் கைப்பிடி வைத்து, மூன்று அங்குலம் உடம்புக்குள் இறக்கிக் கட்டமும் பெருக்கல் குறியுமாக மிஷினில் தைக்க வேண்டும். கைப்பிடித் தையல் லைனிங்கையும் பிடித்திருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துவைத்த பேனலைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனம் ஒரு முனைக்கு இறங்கி வரிசைகள் கோணும். துவாலையில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு நிழலில் தட்டையாகப் போடுங்கள்.