கேன்வாவைத் திறப்பதற்கு முன் அளவுகோலை எடுங்கள்

ஈரோட்டில் அச்சுக்கு வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பேஜ்மேக்கர், கோரல்டிரா போன்ற வடிவமைப்பு மென்பொருள் தெரிந்தவர் இருந்தால்தான் ஒரு காதுகுத்துப் பத்திரிகையைக்கூட அமைக்க முடியும் என்றிருந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். 2013-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கேன்வா என்ற வடிவமைப்பு இணையதளம் வெளிவந்த பிறகு, மென்பொருள் எதையும் நிறுவாமல், இணையத்தைத் திறந்து, டெம்ப்ளேட் என்கிற ஆயத்த வடிவம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, எழுத்தை மட்டும் மாற்றி, அரைமணி நேரத்தில் ஒரு வடிவமைப்பை முடித்துவிடலாம் என்றாகிவிட்டது. உங்களுக்கு வேலை குறைந்துவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். குறையவில்லை, வடிவமைக்கும் வேலை போய்த் திருத்தும் வேலை வந்திருக்கிறது. அந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை, தொடங்கும்போதே தவிர்த்திருக்கக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், சென்னிமலைப் பக்கமிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்து, அக்கம்பக்கத்து ஊர்களில் விற்றுவருகிறவர். கல்லூரியில் படிக்கும் மகள் கேன்வாவில் செய்து கொடுத்த லேபிளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "போன்ல பளிச்சுன்னு இருக்குதுங்களே தம்பி, அதையே அப்படியே அடிச்சுக் குடுத்துருங்க" என்றார். லேபிளின் அளவு என்னங்கம்மா என்று கேட்டேன். "அளவா? பாட்டல் அளவுதானுங்க" என்றார்.

நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அவருடைய மகள் வடிவமைப்பைத் தொடங்கும்போது, கண்ணில் முதலில் பட்ட இன்ஸ்டாகிராம் போஸ்ட் என்பதைத் தெரிந்தெடுத்திருக்கிறார். அது 1080-க்கு 1080 பிக்சல், அதாவது திரைப் படத்தின் சிறு புள்ளிகள், கொண்ட சதுரம். அச்சில் எழுத்து கூர்மையாக விழ ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் தேவை என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. அதன்படி அந்தச் சதுரம் தாளில் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். பாட்டிலுக்கு வேண்டியதோ பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் செவ்வகம். சதுரத்தை இழுத்துச் செவ்வகமாக்கினால் லேபிளில் இருக்கும் செக்குப் படத்தின் உலக்கை கோணலாகும்; பெரிதாக்கினால் எழுத்து மங்கும். போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு அழுத்தப்பட்டு வருவதால், எழுத்தோரங்களில் புழுதி படிந்தது போல் ஒரு கலங்கல் வந்திருந்தது. கைப்பேசியின் சிறிய திரையில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

ஆகவே, முதன்முதலில் கேன்வாவைத் திறக்கிறவர் டெம்ப்ளேட்டைத் தேடுவதற்கு முன், வீட்டிலிருக்கும் அளவுகோலையோ தையல் டேப்பையோ எடுத்து, ஒட்டப்போகும் இடத்தை அளந்துகொள்ள வேண்டும். அளவை நாமே குறிப்பிடும் வசதி அங்கு உண்டு. அலகைப் பிக்சலிலிருந்து சென்டிமீட்டருக்கோ மில்லிமீட்டருக்கோ மாற்றிக்கொண்டு எண்களைப் போட்டால் போதும். இலவசக் கணக்கில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் முடித்த வடிவமைப்பின் அளவை ஒரே சொடுக்கில் மாற்றும் வசதி கட்டணக் கணக்குக்கு மட்டுமே உரியது. மற்றவர்கள் புதிதாக ஒரு பக்கம் திறந்து ஒவ்வொன்றாக நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விசிட்டிங் கார்டு என்றால் மூன்றரைக்கு இரண்டு அங்குலம். நோட்டீஸ் என்றால் பெரும்பாலும் ஏ4 அல்லது அதில் பாதி. கோயில் விழாவுக்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கு மட்டும் 300 என்ற கணக்கு வேண்டியதில்லை. எட்டடித் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு அங்குலத்துக்கு 72 முதல் 100 பிக்சல் வரை இருந்தாலே தாராளம்.

ஓரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னணி நிறம் தாளின் விளிம்புவரை போக வேண்டுமானால், வெட்டப்போகும் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் மூன்று மில்லிமீட்டர் நிறம் நீண்டிருக்க வேண்டும். இதைத்தான் ப்ளீட் என்கிறோம். எழுத்துகளோ, அதே அளவுக்குக் குறையாமல் கோட்டுக்கு உள்ளே தள்ளி நிற்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதை மறந்து இரண்டாயிரம் லேபிள்களை அச்சுக்கு அனுப்பி, கட்டிங் முடிந்து வந்தபோது ஒவ்வொன்றின் ஓரத்திலும் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு நிற்பதைப் பார்த்து, என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

தமிழ் எழுத்துதான் புதியவர்களை அதிகம் சோதிக்கிறது. உள்ளூர் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய செய்தியை அப்படியே நகலெடுத்துக் கேன்வாவில் ஒட்டினால், தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள், கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழக அரசு, எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியச் செய்யும் யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. இருந்தும் எங்கள் கடைகளில் பாதி வேலை இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே நடக்கிறது. அப்படி வரும் செய்தியை யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை வரிவிடாமல் படித்துப் பாருங்கள். எண்களும் நிறுத்தற்குறிகளும் சில நேரம் இடம் மாறி விழுந்திருக்கும்.

டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கென்று அமைக்கப்பட்டவை. அந்த எழுத்துருவில் தமிழ் வடிவம் இல்லாதபோது, நீங்கள் தட்டுவது வேறொரு எழுத்துருவில் வந்து விழும். அழகுக்காகத் தெரிந்தெடுத்த டெம்ப்ளேட்டின் அழகு அங்கேயே போய்விடும். எழுத்துருப் பட்டியலில் மொழியைத் தமிழ் என்று குறித்துக்கொண்டு, தமிழுக்கென வரையப்பட்ட ஒன்றை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. கூகுள் எழுத்துருக்களில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் ஆகியவை சிறிய அளவிலும் தெளிவாகப் படிக்கக் கூடியவை. எழுத்துகளுக்கு இடையே வெளியைக் கூட்டும் ஆசை பலருக்கு வருகிறது. ஆங்கிலத் தலைப்பில் அது எடுப்பாக இருக்கும். தமிழிலோ கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி, 'கொ' என்பது மூன்று துண்டாகத் தெரியும். அதற்குப் பதிலாக வரிகளுக்கு இடையே வெளியைக் கூட்டுங்கள். மேலே விசிறியும் கீழே சுழியும் இடிக்காமல் இருக்க, தமிழுக்கு அது தேவைப்படுகிறது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. ஈரோட்டு மஞ்சளின் நிறம் தாளில் பெரிதாக ஏமாற்றாது. கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் நிச்சயம் ஒரு படி மங்கித்தான் வரும். கேன்வாவில் பதிவிறக்கும்போது அச்சுக்கான பிடிஎஃப் என்ற தேர்வை எடுத்து, வெட்டுக் குறிகளையும் ப்ளீடையும் சேர்த்து இறக்குங்கள். அச்சு மைக்குரிய சிஎம்ஒய்கே நிற அமைப்பு கட்டணக் கணக்கில்தான் கிடைக்கும் என்பதால், இலவசக் கணக்கினர் அந்த மாற்றத்தை அச்சகத்தாரிடமே விட்டுவிடலாம். ஆனால் சிறிய கறுப்பு எழுத்துகள் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். திரையின் கறுப்பு அப்படியே மாறும்போது நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எந்திரத்தில் ஒரு மை மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் கட்டிவிடும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள்.

வேறு கருவிகளே இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பழைய வடிவமைப்பாளர் கொடுத்த போட்டோஷாப் கோப்பைத் திறக்க வேண்டியிருந்தால் போட்டோபீ என்ற இணையதளம் போதும். ஐவன் குட்ஸ்கிர் என்கிற நிரலாளர் உருவாக்கியது. விளம்பரங்களோடு இலவசமாகவே இயங்குகிறது.

லோகோ விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். திருப்பூரிலிருந்து வந்த ஓர் இளைஞர், தான் தொடங்கப்போகும் பனியன் பிராண்டுக்குக் கேன்வாவில் கிடைத்த மயில் படத்தையே லோகோவாக வைத்து, துணிப்பை, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் விலை கேட்டார். அடுத்த அலமாரியில் அதே மயில் பதித்த ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துக் காட்டினேன். கேன்வாவில் கிடைக்கும் படங்களை வணிகத்தில் பயன்படுத்தலாம். ஆனால் அவை யாருக்கும் தனியுரிமையாகத் தரப்படுபவை அல்ல. எனவே அவற்றை வைத்துச் செய்த லோகோவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய கேன்வாவின் விதிகளே அனுமதிப்பதில்லை. எழுத்துருவையும், வட்டம், கோடு போன்ற அடிப்படை வடிவங்களையும் வைத்து நீங்களே அமைத்துக்கொள்ளலாம், அல்லது ஒருவரிடம் வரைந்து வாங்கலாம். கூகுளில் தேடி எடுத்த படம் என்றால், அதைச் சோதனைக்குக்கூட வைக்காதீர்கள்; சோதனைக்கு வைத்தது அப்படியே அச்சேறியதை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் லேபிளுக்குத் திரும்புகிறேன். அந்த டெம்ப்ளேட்டில் பெயருக்கும் படத்துக்கும் இடம் இருந்தது. நிகர அளவு, அதிகபட்ச விலை, அடைத்த தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி ஆகிய எதற்கும் இடம் இல்லை. இவை இல்லாமல் அடைத்த பொருளை விற்க முடியாது என்று சொல்லி, அளவையும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து மகளும் சேர்ந்து வந்தார். இந்த முறை ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் உண்மை அளவிலேயே ஒரு படி எடுத்து, வெட்டி, சோற்றுப் பசையால் பாட்டிலில் ஒட்டியே கொண்டுவந்திருந்தார்கள். மேசையில் வைத்துப் பார்த்தபோது, தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் பாட்டிலின் வளைவுக்குப் பின்னால் போயிருந்தன. அந்தப் பெண் அங்கேயே கைப்பேசியை எடுத்து, எண்ணை இரண்டு வரியாக மடக்கினார்.