காரில் ஆம்ப், கூடுதல் பேட்டரி போட்டிருக்கிறீர்களா? இன்சூரன்ஸ் கைவிடும் இடங்கள்

ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), கூடுதல் பேட்டரி என்று கார் ஆடியோவுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் செலவு செய்கிறவர்கள் அதைப் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுக்கச் சொல்லி கடைக்காரரும் சொல்வதில்லை, பாலிசி போட்டுத் தரும் ஏஜென்டும் சொல்வதில்லை. பிறகு வண்டி எரிந்துபோனால், "அனுமதியில்லாத மின் மாற்றம்" என்று ஒற்றை வரிக் கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் கோர்ட், வக்கீல், செலவு என்று பயந்து பாதியிலேயே விட்டவர்கள். விட வேண்டிய அவசியமே இல்லாத வழக்குகள் அவை.

சட்டப் பின்னணி சுருக்கமாக: காரின் விலைப் பட்டியலில் சேராத மின்சாதனங்களுக்கு மோட்டார் பாலிசியில் தனிச் சேர்க்கை உண்டு. அதன் பெயர் ஐ.எம்.டி. 24. பொருளின் மதிப்பில் வழக்கமாக 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். ஒரு லட்ச ரூபாய் சாமானுக்கு வருடம் சுமார் 4,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முழு பாலிசி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் காருக்கே பணம் கிடையாது, ஆம்புக்கு எங்கே கிடைக்கும்?

முதல் பொறி ஷோரூமிலேயே இருக்கிறது. "சார், எல்லாம் நாங்களே ஃபிட் பண்ணிக் கொடுக்கிறோம், இன்சூரன்ஸ் பிரச்சினை வராது" என்பார்கள். யார் பொருத்தினார்கள் என்பது கணக்கில்லை. கார் கம்பெனியின் விலைப் பட்டியலில் இருந்த சாமானா என்பதுதான் கேள்வி. டீலர் தனி பில் போட்டுப் பொருத்திய ஆம்ப், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் பொருத்திய ஆம்ப், இரண்டும் பாலிசிக்கு ஒன்றுதான்.

உங்கள் பாலிசியை எடுத்து முதல் பக்கத்தில் காரின் மதிப்பு போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். வண்டியின் மதிப்பு, மின்சாரம் சாராத பொருள்கள், மின்சாதனங்கள், கேஸ் கிட் என்று வரிசையாக இருக்கும். "எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ்" என்பதற்கு நேரே 0 என்று இருந்தால் உங்கள் ஆம்ப், சப்-வூஃபர், இரண்டாவது பேட்டரி எதுவும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாத சாமான்கள். போன வருடம் தொகை இருந்தது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஆன்லைனில் புதுப்பிக்கும்போதும், கம்பெனி மாற்றும்போதும் அந்தக் கட்டம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். புதுப்பித்த அன்றே அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது பொறி பில். கடையில் "எஸ்டிமேட்" என்று ஒரு வெள்ளைச் சீட்டு தருவார்கள். ஜி.எஸ்.டி. வேண்டாம், விலை குறையும் என்பார்கள். அந்தச் சீட்டை சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) கையில்கூட வாங்க மாட்டார். ஆம்பின் மாடல், சீரியல் நம்பர், பேட்டரியின் ஏ.எச். (கொள்ளளவு), மாற்றிய ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) ஆம்பியர், ஒயரின் அளவு, ஃபியூஸ், பொருத்துக்கூலி எல்லாம் தனித்தனியாக எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். "கார் ஆடியோ செட் - 1" என்று மொத்தமாக எழுதிய பில்லும் கிட்டத்தட்ட வெள்ளைச் சீட்டுதான்.

ஒயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. 2,000 வாட் ஆம்ப் ஒன்று முழுச் சத்தத்தில் ஓடும்போது, ஆம்பிலேயே போகும் இழப்பையும் சேர்த்து, 14 வோல்ட்டில் 180 ஆம்பியர் வரை இழுக்கும். சிறிய காரில் கார் கம்பெனி கொடுக்கும் ஆல்டர்னேட்டர் 70, 90 ஆம்பியர்தான் தரும். இரண்டாவது பேட்டரி இந்தக் குறையைக் கொஞ்ச நேரம் தாங்கும், தீர்க்காது. அந்த பேட்டரியையும் ஆல்டர்னேட்டர்தானே சார்ஜ் செய்ய வேண்டும்? அதனால்தான் பெரிய ஆல்டர்னேட்டர் போடுகிறார்கள். அதைப் போட்டுவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் பழைய மெல்லிய ஒயரை அப்படியே விட்டால் சூடாகும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைத்தால் அதன் முனையிலும் ஒன்று வேண்டும், இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வரும். காருக்குள் வைக்கும் பேட்டரி மூடிய ஏ.ஜி.எம். வகையாக இருக்கட்டும். சாதாரண பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும்.

வேலை முடிந்த அன்றே ஃபியூஸையும், பானட்டிலிருந்து உள்ளே ஒயர் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். "வண்டியைப் பாதுகாக்க உரிய கவனம் எடுக்கவில்லை" என்று கம்பெனி சொல்லும் நாளில் பதில் அந்த போட்டோதான்.

ஆர்.டி.ஓ. பற்றிய குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் பேசுவது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கார் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறக் கூடாது என்பதை. ஸ்பீக்கரும் ஆம்பும் ஆர்.சி.யில் இல்லை. ஆனால் பேட்டரி வைக்க இடம் வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றினால் சீட் எண்ணிக்கை மாறிவிடும், அது ஆர்.சி.யில் இருக்கிறது. 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட்டில் கை வைக்காதீர்கள். இன்சூரன்ஸ்காரர் "52-வது பிரிவை மீறிவிட்டீர்கள்" என்றால், ஆர்.சி.யில் எந்த விவரம் மாறியது என்று எழுத்தில் கேளுங்கள். பலர் அதற்குப் பதிலே தருவதில்லை.

சரி, வண்டி எரிந்துவிட்டது. தீயணைப்புத் துறையின் சான்றும், காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதும் (புகார் கொடுத்ததற்கான ரசீது) வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும்வரை ஆம்பையோ ஒயரையோ யாரையும் கழற்ற விடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டில் "வெளியில் செய்த ஒயரிங்கால் தீ" என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வேயர் ஆங்கிலத்தில் எழுதி நீட்டும் வாக்குமூலத்துக்கும் இதேதான். காரணம் உங்களுக்குத் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம்.

பாலிசியின் முதல் பகுதியில் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பிடித்தல் மூன்றும் காப்பில் இருக்கின்றன. மின் பழுது காப்பில் இல்லை. கம்பெனி பிடித்துக்கொள்வது இரண்டாவது வரியை. ஆம்ப் மட்டும் ஷார்ட் ஆகிச் செத்தால் அது மின் பழுது, பணம் வராது. கார் தீப்பிடித்தால் அது தீ. இந்த வித்தியாசத்தை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள். ஆம்பைத் தெரிவிக்கவில்லை என்றால் ஆம்புக்குப் பணம் கேட்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். காருக்கு ஏன் மறுக்க வேண்டும்? திருட்டில் இந்தக் கேள்வி இன்னும் வலுவானது. சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டியபோது திருடுபோன நேஷனல் இன்சூரன்ஸ் வழக்கில், மீறலுக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லாதபோது மொத்தமாக மறுக்க முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன உத்தரவு அங்கே நிலைத்தது.

கம்பெனி அலுவலகத்துக்கு நடையாய் நடக்காதீர்கள். "மேனேஜர் லீவு", "ஹெட் ஆபீஸில் ஃபைல்" என்று மாதங்கள் ஓடும், அந்த மாதங்கள் உங்கள் கெடுவில்தான் கழியும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள், சர்வே அறிக்கையின் நகலும் கேளுங்கள். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். போனில் சொன்ன மறுப்பை நம்பிக் காத்திருக்காமல் எழுத்தில் வாங்குங்கள். "இவ்வளவுதான் தருவோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று முழுத் தீர்வுப் படிவம் நீட்டினால், மீதியைக் கேட்கும் உரிமை அந்தக் கையெழுத்தோடு போய்விடக்கூடும்.

வரிசையும் முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஓம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். ஓம்புட்ஸ்மேன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் பிறகு ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு. உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது.